நாலாவது ஆளாக ஒரு கல்

பெட்ரோல் விலை ஏறியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் செய்தி பார்த்ததில்லை. மாமா காரின் சாவியை எந்த இடத்தில் திருப்புகிறார் என்று கவனித்தால் போதும்.

முக்கோலை தாண்டி விழிஞ்ஞம் துறைமுகத்தை நோக்கிச் சாலை நீளமாக இறங்கும். அந்த இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு என்ஜினை அணைத்துவிடுவது மாமாவின் வழக்கம். முதலில் இறக்கம் முடியப்போகிற இடத்தில் உள்ள ரேஷன் கடை அருகேதான் அணைத்துக்கொண்டிருந்தார். விலை ஏற ஏற அது பாதி வழியில் இருக்கும் டயர் கடைக்கு நகர்ந்தது. பிறகு மேட்டின் உச்சியில், ஓடு வேய்ந்த சின்னக் குருசடி ஒன்று, சிலுவை வைத்த வழியோரக் கோயில், இருக்கிறது, அங்கேயே அணைக்க ஆரம்பித்துவிட்டார். குருசடியில் தினமும் யாராவது மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள். நான் எந்த மதத்து சாமி என்று பார்க்காமல் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

என்ஜின் நின்றதும் காருக்குள் ஒரு மௌனம் வரும். டயர் தார் மேல் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். வண்டி தானாகவே வேகம் பிடிக்கும். கீழே, இறக்கம் முடிகிற முக்கில் பஸ் நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்டு, கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் மீன்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டம் எங்களை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வரும்போது நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொள்வேன்.

மாமா என்றால் உறவு கிடையாது. கரமனையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். துறைமுக வேலை எடுத்திருக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அதே கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ். அங்கே தரும் பயணப்படி, பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் நிர்ணயித்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. விலை மூன்று இலக்கத்துக்குப் போனதும் நான் என் ஸ்கூட்டரைப் பழைய பெட்ஷீட்டால் மூடி நிறுத்திவிட்டேன். மாமாவும் தன்னுடைய பழைய சின்னக் காரைத் தனியாக ஓட்டிக் கட்டுப்படியாகாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நாலு பேராகச் சேர்ந்து போனால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று அவர்தான் வீடு தேடி வந்து சொன்னார்.

முன்சீட்டில் எங்கள் கம்பெனியின் சைட் என்ஜினியர். பின்சீட்டில் நானும், ரிசப்ஷனில் வேலை பார்க்கும் அக்காவும். அக்கா நாஞ்சில் நாட்டுக்காரி, அடுத்த தெரு. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்தோத்திரத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாளானால், ஆபீஸ் வாசலில்தான் கண்ணைத் திறப்பாள். கொடுத்துவைத்தவள்.

எனக்கு அந்தக் காரில் இடம் இருந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு பார்க்கிறார். விடியற்காலையில் லாரிச் சரக்கு இறங்கும் என்பதால், மகள் எழுந்திருக்கும் முன்பே அவர் போய்விடுவார். மகள் இரண்டாம் வகுப்பு. அவளை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், மாமாவின் கார் வாசலில் ஹார்ன் அடிக்கச் சரியாக இருக்கும். பஸ்ஸில் போவதானால் கிழக்கேகோட்டைக்குப் போய் வேறு பஸ் மாற வேண்டும். அதற்கு வேன் வருவதற்கு வெகுநேரம் முன்பே நான் கிளம்பியாக வேண்டும். ஏழு வயதுப் பெண் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் தனியாக நிற்க வேண்டியதுதான். ஆகவே, காரில் என்ன நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு வருவது என்று முடிவு செய்திருந்தேன். என் சுபாவத்துக்கு அது லேசான காரியம் இல்லை.

மாமா கெட்டவர் இல்லை. பெட்ரோல் அவர் புத்தியைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். வெயில் சூடேறும் முன் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்குமாம், அதனால் விடிந்ததும் பம்ப்பில் போய் நிற்பார். ஏ.சி. போடுவது பாவம். பைபாஸில் கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்கும் என்று அதையும் ஏற்றச் சொல்வார். நாங்கள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல வெந்துகொண்டு போவோம். வண்டி எடை கூடினால் பெட்ரோல் குடிக்கும் என்று ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வீட்டில் வைத்துவிட்டார். டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். "பஞ்சராகாது" என்றார்.

என்ஜினை அணைக்கும் விஷயத்தில் என்ஜினியர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் படித்ததெல்லாம் மலையாளத்தில், பேசும் தமிழும் பாதி மலையாளம்தான்.

"சாரே, என்ஜின் ஓஃப் ஆக்கினா பிரேக்குக்கு பவர் கிடைக்காது. ஒண்ணோ ரெண்டோ தடவை பெடலைச் சவுட்டலாம். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். சூக்ஷிக்கணும், கவனம்."

"இருவது வருஷமா ஓட்டறேன், கேட்டாயா" என்றார் மாமா. "சும்மா எறங்கற வண்டிக்கு எதுக்கு பெட்ரோல்? வெறுதே எரிக்கறதுக்கா?"

என்ஜினியர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த மாதம் தவணையில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு எங்களைவிட்டுப் போய்விட்டார். பைபாஸில் எங்கள் காரை முந்தும்போது சத்தமே இல்லாமல் முந்துவார், கையை வேறு ஆட்டுவார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் போன பிறகு செலவு மூன்று பங்காயிற்று. சாவி டயர் கடையிலிருந்து குருசடிக்கு ஏறியது அந்த வாரம்தான்.

மூன்று பேரானதில் இன்னொரு சிக்கலும் வந்தது. மாமாவின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், முதல்நாளே வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

"மூணு பேராச் சேந்து எறங்கப்டாது. நல்ல காரியத்துக்குப் போற வழியில மூணு பேரு ஆகாது. இந்தாங்கோ, ஒரு கல்லையாவது கூட வச்சுக்கோங்கோ."

எங்கள் தெருக்களில் இது சாதாரணம். மூன்று பேர் சேர்ந்து போக நேர்ந்தால், நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் எறிந்துவிடுவார்கள். ஆனால் நாங்கள் தினமும் போகிறவர்கள், தினமும் கல் பொறுக்க முடியுமா? அதனால் மாமி கரமனை ஆற்றில் கிடைத்த ஒரு உருண்டைக் கல்லைக் கழுவி நிரந்தரமாகவே வண்டிக்குக் கொடுத்துவிட்டார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்ததாம், எடை அதிகம் என்று மாமா மறுத்துவிட்டாராம். ஸ்டெப்னியை இறக்கிவைத்த மனிதர் கல்லை ஏற்றிக்கொண்டாரே என்று நினைத்து நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்தக் காரில் எனக்குச் சிரிப்பு வந்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கல்லை மாமா முதலில் முன்சீட்டில் வைத்தார், என்ஜினியர் இருந்த இடத்தில். முன்சீட்டு காலியாக இருக்கிறதே, அங்கே உட்காரலாமே என்று எனக்கோ அக்காவுக்கோ தோன்றவில்லை. எங்கள் தெருவில் அடுத்த வீட்டு ஆம்பிளை ஓட்டும் காரில் பெண்பிள்ளை முன்னால் உட்காருவதில்லை. திருவல்லம் வளைவில் கல் உருண்டு கீழே விழுந்தது. "உங்க பக்கம் வச்சுக்கோங்கோ" என்று பின்னால் கொடுத்தார். சீட்டில் வைத்தோம், நிற்கவில்லை. கடைசியில் கார்த் தரையில், மாமாவின் சீட்டுக்குப் பின்னால் போட்டு, அது முன்னால் உருளாமல் எங்கள் சாப்பாட்டுப் பையை அதற்கு முட்டுக் கொடுத்து வைத்தோம். எங்கள் இருவருடைய டிபன் கேரியரும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்த கனமான பை. கல் அதன் பின்னால் அடக்கமாகக் கிடந்தது.

குருசடியிலிருந்தே அணைக்க ஆரம்பித்த பிறகு எனக்குக் காலையில் சாப்பாடு இறங்கவில்லை. இறக்கத்தில் வண்டியின் வேகத்தைப் பார்ப்பதற்காகவே பின்சீட்டின் நடுவில் நகர்ந்து உட்கார ஆரம்பித்தேன். இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே தலையை நீட்டினால் ஸ்பீடோமீட்டர் முள் தெரியும். முள் ஏறுவதைப் பார்த்தால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன்னும் பின்னும் கருங்கல் பாறைகளை ஏற்றிக்கொண்டு அலைத்தடுப்புக்குப் போகும் டிப்பர் லாரிகள் வேறு. ஒவ்வொரு பாறையும் எங்கள் காரில் பாதி இருக்கும்.

ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டேன். "மாமா, என்ஜின ஆஃப் பண்ணாம எறங்கலாமே. எனக்கு பயமா இருக்கு."

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், மிகவும் தன்மையாகச் சொன்னார்: "பயமா இருந்தா பஸ்ல வரலாமே. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தன்மையாகச் சொன்னதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று காரைவிட்டு இறங்கும்போது அக்கா கண்ணைத் திறந்து என் கையைத் தட்டினாள். "பிள்ளே, நீ சும்மா இரி. அந்த ஆளு கேக்க மாட்டாரு. நமக்கு வேற போக்கு இல்லல்லா" என்றாள். அவளும் பயந்துகொண்டுதான் கண்ணை மூடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மாமாவின் மேல் கோபம், அக்காவின் மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல் கோபம்.

ஓணத்துக்கு முந்தைய வாரம், ஆபீஸில் ஓணக் கொண்டாட்டம் வைத்தார்கள். அத்தப்பூக் கோலம், வடம் இழுக்கும் போட்டி, மதியம் இலை போட்டுச் சத்யை விருந்து. நானும் அக்காவும் ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை கட்டிக்கொண்டோம். மாமா வேட்டியில் வந்தார். சாப்பாடு அங்கேயே என்பதால் டிபன் கேரியர் எடுக்கவில்லை. பையும் எடுக்கவில்லை. அன்று காலை விலை மறுபடியும் ஏறியிருந்தது போலிருக்கிறது, குருசடி வருவதற்குள்ளேயே மாமா சாவியைத் திருப்பிவிட்டார்.

மௌனம் வந்தது. வண்டி இறங்கத் தொடங்கியது. நான் வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் கடை பக்கம் ஒரு கிளைச் சாலையிலிருந்து டிப்பர் லாரி ஒன்று மூக்கை நீட்டியது. மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கொஞ்சம் தளர்ந்தது. லாரி நின்றுகொண்டது, நாங்கள் அதைத் தாண்டினோம். அந்தக் குலுக்கலில் என் காலடியில் ஏதோ உரசி நகர்ந்ததை உணர்ந்தேன். என்னவென்று அந்த நிமிஷம் புரியவில்லை.

சீட்டுக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் சத்தம் நின்றது.

கீழே பஸ் நிறுத்தத்தில் அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். ஓணச் சந்தைக்குப் போகிறவர்கள், புதுச்சட்டை போட்ட பிள்ளைகள், கூடைகளோடு மீன்காரிகள். பஸ் ஒன்று சாலையை மறித்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். அவருடைய தோள் எழும்பி எழும்பி இறங்கியது.

"போகல்லே" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை. "பெடல் கீழ போகல்லே."

அக்கா கண்ணைத் திறந்துவிட்டாள். "அய்யோ" என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. மாமா குனிந்து பார்க்கப் போனார். அவர் குனிந்தால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? "குனியாதீங்கோ மாமா, முன்னால பாருங்கோ" என்று கத்தினேன். ரேஷன் கடை எங்களைத் தாண்டிப் போயிற்று. மீன்காரி ஒருத்தி, நீலப்புடவை, கூடையைத் தரையில் வைத்துவிட்டுச் சில்லறைக்காகக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் முதுகு நேரே தெரிந்தது. ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பற்றி மேலே இழுத்தேன். முழங்கை வரை வலித்தது. இன்னும் இழுத்தேன்.

பின்சக்கரம் கிறீச்சென்று அலறியது. வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். சாலையோரம் வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருந்த எம்-சாண்ட் குவியலில் முன்பக்கம் குத்தி நின்றது கார். மணல் சரிந்து பானெட்டை மூடியது. என் நெற்றி முன்சீட்டின் ஹெட்ரெஸ்டில் மோதியிருந்தது. அக்காவின் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. நீலப்புடவைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆட்டோ நிற்கும் இடம்தான் இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் பயந்தாள், அப்புறம் கூடையைத் தாண்டிக்கொண்டு நேரே வந்தாள்.

"எந்தா இது? ஆளைக் கொல்லான் எறங்ஙியதாணோ? எனிக்கு மூணு பிள்ளேரு உண்டு, கேட்டோ!"

மூன்று பிள்ளைகள். கூட்டம் சேர்ந்தது. ஆட்டோக்காரர்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். மாமா கதவைத் திறந்து, வேட்டி மணலில் புரள, கால் வைக்கும் இடத்தில் கையை விட்டுத் துழாவினார். பிரேக் பெடலுக்கு அடியில் கச்சிதமாகச் செருகிக் கிடந்த கல்லை ஆட்டி ஆட்டி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு யாரும் பார்க்காதபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். சத்யையில் என் இலையில் வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. பாயசத்தை மட்டும் யாரோ குடிக்க வைத்தார்கள். மாமா எதிர்வரிசையில் உட்கார்ந்து தலைநிமிராமல் சாப்பிட்டார், சட்டைப் பை உப்பலாகத் தெரிந்தது. சாயங்காலம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, முன்பக்கம் நசுங்கியதைத் தவிர ஒன்றுமில்லை, ஓட்டலாம் என்றார். அதே காரில்தான் திரும்பினோம்.

வீட்டில் நெற்றி வீக்கத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கறந்துவிட்டார். "நாளையிலேர்ந்து பஸ்ல போ" என்றார். "உயிரைவிட ஒண்ணும் பெரிசில்ல."

"அப்போ கொழந்தைய யாரு வேன்ல ஏத்தறது?"

கடைக்குத் தாமதமாகப் போனால் அவர் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நானே பூட்டிண்டு போவேன், எனக்குத் தெரியும்" என்றாள். சாவியைத் திருப்புவதுபோலக் கையை வேறு திருப்பிக் காட்டினாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். பஸ்ஸில் போனாலும் தப்பு, காரில் போனாலும் தப்பு. ஸ்கூட்டரை எடுத்தால் சம்பளத்தில் பாதியைப் பெட்ரோல் தின்னும். எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தபோது, எதையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது என்பது மட்டும் தெளிவாயிற்று. இடமும் வேண்டும், உயிரும் வேண்டும்.

மறுநாள் காலை வேன் போனதும், ஹார்னுக்குக் காத்திருக்காமல் நானே மாமா வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கா அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள், பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு. மாமி கையில் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் அந்தக் கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு துளசி இலை.

"நேத்திக்கு எவ்வளவு பெரிய கண்டம்!" என்றார் மாமி. கண்ணில் நீர் தளும்பியது. "நாலாவதா இது இருந்ததால பொழைச்சேள். இல்லேன்னா என்ன ஆயிருக்கும்? நெனைக்கவே முடியல்லே."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நசுங்கிய பானெட்டின் மேல் ஒரு கை வைத்திருந்தார். கல் எங்கே கிடந்தது என்பதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. சொன்னால் மாமியின் நம்பிக்கை உடையும், மாமாவின் மானம் போகும். அதனால் என் மகளுக்கோ அந்த நீலப்புடவைக்காரிக்கோ என்ன பிரயோஜனம்? எனக்கு வேண்டியது வேறு.

"குடுங்கோ மாமி" என்றேன். "இனிமே இது என் மடியிலேயே இருக்கட்டும். தரையில வைக்கப்டாது."

கல்லை வாங்கிக்கொண்டேன். நேரே போய் முன்கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

மாமியின் முகம் மாறியது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார். சாயங்காலத்துக்குள் இது தெரு முழுக்கப் பேச்சாகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பேசிக்கொள்ளட்டும். அக்கா பின்சீட்டில் ஏறி, முன்னால் குனிந்து என் தோளில் கை வைத்து அழுத்தினாள். மாமா தயங்கி நின்றார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

இடது கையில் கல், வலது கை ஹேண்ட்பிரேக்கின் மேல். கரமனையிலிருந்து அப்படியே உட்கார்ந்து வந்தேன். திருவல்லம் தாண்டி பைபாஸ் ஏறினோம். மாமா கண்ணாடியை ஏற்றச் சொல்லவில்லை. காற்று உள்ளே வந்தது. அதை நான் அனுபவிக்கவில்லை, குருசடியையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கையில் வேர்த்து மஞ்சள் கரைந்தது.

குருசடி வந்தது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மாமாவின் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கிச் சாவியைத் தொட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, கை பழக்கத்தில் போயிற்று. நான் ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"மாமா."

கை அங்கேயே நின்றது. வண்டி சரிவில் மூக்கை இறக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு மாசத்துக்கு எவ்வளவு கூட ஆகும்னு தெரியுமோ நோக்கு?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"தெரியும் மாமா. நான் அக்கவுண்ட்ஸ். கூட ஆறதுல என் பங்கைத் தரேன். ஆஃப் பண்ணினேள்னா இப்பவே இழுத்துடுவேன்."

பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: "எம் பங்கும் உண்டு."

மாமா சாவியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் மெதுவாக இறக்கினார். அந்த இறக்கத்தில் அவ்வளவு நாளாக நான் கேட்காத சத்தம், என்ஜின் உறுமும் சத்தம், காருக்குள் நிறைந்தது. டயர் கடை போயிற்று. ரேஷன் கடை போயிற்று. நாங்கள் மோதிய மணல் குவியலைக் கொத்தனார்கள் மீண்டும் கூட்டி வைத்திருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அதே மீன்காரி நின்றிருந்தாள், வேறு புடவையில். எங்கள் காரின் நசுங்கிய மூக்கை அடையாளம் கண்டதும், கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் பின்னால் நகர்ந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிப் பிள்ளையையும் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். மாமா பிரேக்கை மிதித்தார். அவளுக்கு வெகு தூரத்திலேயே வண்டி நின்றது. கடந்து போங்கள் என்று மாமா கையைக் காட்டினார். அவள் நம்பவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்களும் காத்திருந்தோம். பின்னால் ஒரு டிப்பர் ஹார்ன் அடித்தது. கடைசியில் அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, காரிலிருந்து கண்ணை எடுக்காமல் சாலையைக் கடந்தாள்.

அவ்வளவு நேரமும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.